ஒரு டன் எடையில் ஒரு ஹார்ட் டிஸ்க்!

உங்கள் மேஜைக்கு அடியில் கறுப்பாக, கனமாக, ஒரு பழைய வொர்க்ஸ்டேஷன் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 2012 வாக்கில் பிறந்தது. ஏதோ ஒரு பெரிய கம்பெனி கழித்துக்கட்டியதை ரிச்சி தெருவில் சல்லிசாக வாங்கி வந்திருப்பீர்கள். பிராசஸர், ஜியான். ராம், 16 ஜி.பி. கேபினட்டைத் தட்டினால் அம்பாசடர் கார் கதவு மாதிரி சத்தம் வரும். அந்தக் காலத்துக்கு ராஜா.

ஆனால் காலையில் ஸ்விட்சைப் போட்டால், நீங்கள் காபி குடித்து, பேப்பரில் பாதி படித்து முடித்த பிறகுதான் மெதுவாகக் கண் விழிக்கிறது. ஒரு ஃபைலைத் திறக்கச் சொன்னால் உள்ளே கறகறவென்று அரைக்கிறது. பையனோ வேறு பக்கம் முனகுகிறான். எடிட்டிங் சாஃப்ட்வேர் திணறுகிறதாம், கேம் ஓடவில்லையாம், கிராபிக்ஸ் கார்டு வேண்டுமாம்.

கையில் இருப்பதோ கொஞ்சம் பணம். எதை முதலில் மாற்றுவது? ஹார்ட் டிஸ்க்கையா, கிராபிக்ஸ் கார்டையா?

கடைக்காரரைக் கேட்டால், 'ரெண்டையும் மாத்திடுங்க சார்' என்பார். 'இல்லேன்னா புதுசே வாங்கிடுங்க' என்பார். அவர் பிழைப்பு அவருக்கு. நாம் சரித்திரத்தைக் கேட்போம். சிரிக்காதீர்கள். இந்தக் கேள்விக்கு சரித்திரத்திடம் ரொம்பத் தெளிவான பதில் இருக்கிறது.

*

1950-களின் தொடக்கம். அமெரிக்காவில் கலிஃபோர்னியா மாகாணம், சான் ஹோசே நகரம். சிலிக்கான் பள்ளத்தாக்கு என்ற பெயரே அப்போது கிடையாது. சுற்றிலும் பழத்தோட்டங்கள். அங்கே நோட்ர டேம் அவென்யூ, 99-ம் எண் கட்டடத்தில் ஐ.பி.எம். நிறுவனம் ஒரு சின்ன ஆராய்ச்சிக்கூடத்தைத் திறந்தது. அதற்குத் தலைவர் ரெனால்ட் ஜான்சன். ஆசாமி ஒரு காலத்தில் பள்ளிக்கூட வாத்தியார். மாணவர்கள் பென்சிலால் தீட்டிய விடைகளைத் தானே படித்து மார்க் போடும் ஓர் இயந்திரத்தை உருவாக்கி, அதன் மூலம் ஐ.பி.எம்.முக்குள் நுழைந்தவர்.

அவருக்கு முன்னால் இருந்த பிரச்னை இதுதான். அன்றைய கம்பெனிகளின் கணக்குவழக்கு எல்லாம் துளை போட்ட அட்டைகளில் இருந்தன. கிடங்கில் ஒரு சாமான் எத்தனை மீதி இருக்கிறது என்று தெரிய வேண்டுமா? அட்டைக்கட்டை எடுத்து, வரிசையாக அடுக்கி, இயந்திரத்தில் கொடுத்து, நடுவில் இருக்கும் அந்த ஒன்று வரும்வரை காத்திருக்க வேண்டும். காந்த நாடாவிலும் அதே கதை. ஆரம்பத்திலிருந்து சுற்றிக்கொண்டே போக வேண்டும்.

வரிசையில் நிற்காமல், வேண்டியதை நேராகப் போய் எடுக்க முடியாதா?

முடியும் என்றது ஜான்சன் குழு. ஐம்பது உலோகத் தட்டுகள். ஒவ்வொன்றும் 24 அங்குல அகலம், அதாவது இரண்டு அடி. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நிமிடத்துக்கு 1,200 முறை சுழலவிட்டார்கள். ஒரு கை மேலும் கீழும் நகர்ந்து, வேண்டிய தட்டுக்குள் நுழைந்து, வேண்டிய இடத்தைப் படித்தது. தட்டுக்கும் தலைக்கும் நடுவே உரசல் இல்லாமல் இருக்க, கம்ப்ரஸர் வைத்துக் காற்று ஊதினார்கள். தட்டின் மேல் காந்தப் பூச்சு சமமாகப் படிய வேண்டுமே? இரும்பு ஆக்சைடு கலந்த பெயிண்ட்டைப் பெண்கள் அணியும் காலுறையில் வடிகட்டி, பேப்பர் கப்பில் ஊற்றி, சுழலும் தட்டின் நடுவில் கவிழ்த்தார்கள். சுழற்சியிலேயே பெயிண்ட் பரவி சமமாகிவிட்டது. ஹைடெக் சமாசாரம் எல்லாம் இப்படித்தான் பிறக்கிறது!

1956 செப்டம்பரில் ஐ.பி.எம். அதை உலகுக்கு அறிவித்தது. பெயர் ராமாக். இரண்டு பீரோ அளவு. எடை ஒரு டன்னுக்கு மேல். அதில் ஐம்பது லட்சம் எழுத்துகளைச் சேமிக்கலாம். இன்றைய கணக்கில் நாலு எம்.பி. கூட இல்லை. உங்கள் செல்போன் எடுக்கும் ஒரு போட்டோவுக்கே இடம் பத்தாது. பெரும்பாலும் வாடகைக்குத்தான் தந்தார்கள். கம்ப்யூட்டரோடு சேர்த்து மாதம் 3,200 டாலர்.

இதில் ஓர் எண்ணை மட்டும் மனசில் முடிந்துவைத்துக்கொள்ளுங்கள். ஒரு தகவலைக் கேட்டால், அந்தக் கை போய் அதை எடுத்துவர ஆன சராசரி நேரம் 600 மில்லி செகண்ட். அதாவது அரை விநாடிக்கும் சற்று மேல்.

*

ராமாக்கில் வேலை பார்த்த இளைஞர்களில் ஒருவர் ஆலன் ஷூகார்ட். பிற்பாடு ஐ.பி.எம்.மை விட்டு வெளியேறினார். தன் பெயரிலேயே ஒரு கம்பெனி தொடங்கி, அதிலிருந்தும் வெளியே வர வேண்டியதாயிற்று. கொஞ்ச காலம் படகு வாங்கி மீன் பிடித்தார். நண்பர்களோடு சேர்ந்து மதுக்கடை நடத்தினார். ஆள் காலி என்று ஊர் நினைத்தது. 1979-ல் ஃபினிஸ் கானர் என்பவரோடு சேர்ந்து மறுபடி ஒரு கம்பெனி ஆரம்பித்தார். அதுதான் பின்னாளில் சீகேட் என்று பெயர் மாறியது.

1980-ல் சீகேட் விட்ட முதல் சரக்கு எஸ்.டி.-506. ஐந்தேகால் அங்குலத் தட்டுகள். கொள்ளளவு ஐந்து எம்.பி. விலை 1,500 டாலர். 24 வருடத்துக்கு முன் ஓர் அறையை அடைத்துக்கொண்டு நின்ற சமாசாரம், இப்போது கையில் தூக்கிப் போகும் பெட்டிக்குள் வந்துவிட்டது.

1983 மார்ச்சில் ஐ.பி.எம். தன் பெர்சனல் கம்ப்யூட்டரில் பத்து எம்.பி. ஹார்ட் டிஸ்க்கை வைத்து, பி.சி. எக்ஸ்.டி. என்று விற்றது. அந்த டிஸ்க்கைப் பாகம் பிரிப்பதற்காக, அதன் டாஸ் சாஃப்ட்வேரில் சின்னதாக ஓர் அட்டவணை எழுதினார்கள். பத்து எம்.பி.க்கு எழுதிய அட்டவணைதானே என்று அலட்சியமாக நினைக்காதீர்கள். உங்கள் பழைய வொர்க்ஸ்டேஷனுக்கு ஆசையாக நாலு டெராபைட் ஹார்ட் டிஸ்க் வாங்கி வந்து மாட்டுகிறீர்கள். அது இரண்டு டெராபைட்டுக்குப் பக்கத்தில் வந்து நின்றுகொண்டு, 'இதற்கு மேல் எனக்கு எண்ணத் தெரியாது' என்கிறது. காரணம், அந்த 1983 அட்டவணைதான்! அதற்குப் பதிலாக வந்த ஜி.பி.டி. முறையில் பாகம் பிரித்தால் முழு இடமும் கிடைக்கும். ஆனால் அந்த டிஸ்க்கிலிருந்தே விண்டோஸ் கிளம்ப வேண்டும் என்றால், மதர்போர்டில் பழைய பயாஸ் போதாது, யு.இ.எஃப்.ஐ. வேண்டும். வாங்குவதற்கு முன் பார்த்துவிடுங்கள்.

சரி, கதைக்கு வருவோம்.

2007 ஜனவரியில் ஹிட்டாச்சி, ஒரு டெராபைட் ஹார்ட் டிஸ்க்கை அறிவித்தது. ஐ.பி.எம்.மின் டிஸ்க் பிசினஸை மொத்தமாக வாங்கியிருந்த கம்பெனி அது. ஆக, ராமாக்கின் நேர் வாரிசு. இப்போது தாத்தாவையும் பேரனையும் பக்கத்தில் நிற்கவைத்துப் பாருங்கள்.

கொள்ளளவு: 51 வருடத்தில் இரண்டரை லட்சம் மடங்குக்கு மேல் பெருகிவிட்டது.

காத்திருக்கும் நேரம்? தாத்தாவுக்கு 600 மில்லி செகண்ட். பேரனுக்குத் தலை நகர எட்டரை, தட்டு சுற்றிவர நாலு சொச்சம், மொத்தம் சுமார் 13. ஐம்பது மடங்கு கூட முன்னேறவில்லை!

ஏன் இப்படி? காந்தத் துகளைச் சின்னதாக்கிக்கொண்டே போகலாம். அதற்கு இயற்பியல் இடம் கொடுத்தது. ஆல்பர்ட் ஃபெர்ட், பீட்டர் க்ரூன்பெர்க் இருவரும் 1988-ல் கண்டுபிடித்த ஒரு காந்த விளைவு, ஹார்ட் டிஸ்க்கின் கொள்ளளவைத் தூக்கி நிறுத்தியது. 2007-ல் அவர்களுக்கு நோபல் பரிசு. ஆனால் கை என்பது கை. அது உலோகம். நகர வேண்டும், நிற்க வேண்டும். நிமிடத்துக்கு 7,200 முறை சுற்றும் தட்டு, ஒரு சுற்றுக்கு எட்டு மில்லி செகண்டுக்கு மேல் எடுத்துத்தான் தீரும். நோபல் பரிசு வாங்கியவர் வந்தாலும் அதைக் குறைக்க முடியாது.

உங்கள் வொர்க்ஸ்டேஷன் காலையில் காத்திருக்க வைக்கிறதே, அதன் ரகசியம் இதுதான். விண்டோஸ் கிளம்பும்போது ஆயிரக்கணக்கான சின்னச்சின்னத் துண்டுகளை அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தேடிப் படிக்கிறது. அந்தக் கை ஒரு விநாடிக்கு நூறு இடம் போய்வந்தால் அதிகம். ஜியான் பிராசஸர் விநாடிக்கு நூறு கோடிக்கணக்கில் கணக்குப் போடக் காத்திருக்கிறது. ஒரு கவளம் சோறு வர வேண்டுமே!

*

அந்தக் கையை வெட்டி எறிந்தவர் ஒரு ஜப்பானியர். ஃபுஜியோ மசுவோகா.

1971-ல் டோஷிபாவில் சேர்ந்தவர். மின்சாரம் போனாலும் மறக்காத, ஆனால் மொத்தமாக அழித்து எழுத முடிகிற ஒரு சில்லை அவர் யோசித்தார். கம்பெனிக்கு அது முக்கியமான வேலையாகப் படவில்லை. 1984-ல் சான் ஃபிரான்சிஸ்கோவில் நடந்த மாநாட்டில் அதைப் பற்றிக் கட்டுரை படித்தார். கண் சிமிட்டும் நேரத்தில் கேமரா ஃப்ளாஷ் மாதிரி அழிகிறது என்று சக ஊழியர் ஒருவர் சொன்னதால், ஃப்ளாஷ் என்று பெயர் வந்தது. 1987-ல் அதைவிட மலிவான, நெருக்கமான இன்னொரு வடிவத்தையும் கொண்டுவந்தார். நேண்ட் ஃப்ளாஷ். இன்று உங்கள் செல்போன், பென் டிரைவ், கேமரா கார்டு எல்லாவற்றிலும் இருப்பது அதுதான்.

1994-ல் டோஷிபாவை விட்டுப் போய்ப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார் மசுவோகா. உலகமே தன் சில்லில் ஓடுகிறது, தனக்கு வந்தது என்ன என்று அவருக்கு மனசு பொறுக்கவில்லை. 2004-ல் கோர்ட்டுக்குப் போனார். நூறு கோடி யென் கேட்டார். இரண்டு வருடம் இழுத்து, 2006-ல் சமரசம். கிடைத்தது 8 கோடியே 70 லட்சம் யென்.

அடுத்து நடந்ததுதான் வேடிக்கை. கடனில் தத்தளித்த டோஷிபா, தன்னைக் காப்பாற்றிக்கொள்ள 2018-ல் கையில் இருந்த மிகப்பெரிய சொத்தை விற்றது. அந்தச் சொத்து, மசுவோகாவின் சில்லைத் தயாரிக்கும் பிரிவு. விலை, சுமார் இரண்டு லட்சம் கோடி யென். இன்று அதற்குக் கியாக்ஸியா என்று பெயர்.

கம்ப்யூட்டருக்குள் இந்தச் சில்லு குடியேறக் கொஞ்ச காலம் பிடித்தது. 1991-லேயே சன்டிஸ்க் (இன்றைய சான்டிஸ்க்) 20 எம்.பி. அளவில் ஒன்று செய்தது. விலை ஆயிரம் டாலர். யார் வாங்குவார்கள்? 2008 செப்டம்பரில் இன்டெல் 80 ஜி.பி. எஸ்.எஸ்.டி. ஒன்றை 595 டாலருக்கு விட்டது. அப்போதும் விலை கொள்ளைதான். ஆனால் அதில் ஒரு தகவலைக் கேட்டால் வந்து சேர 0.1 மில்லி செகண்ட் கூட ஆகவில்லை. 51 வருடத்தில் ஹார்ட் டிஸ்க் ஐம்பது மடங்கு முன்னேறவில்லை என்று பார்த்தோம். எஸ்.எஸ்.டி. ஒரே தாவலில் நூறு மடங்குக்கு மேல் தாண்டிவிட்டது.

2011 அக்டோபரில் தாய்லாந்தில் பெருவெள்ளம். உலகத்தின் ஹார்ட் டிஸ்க் தொழிற்சாலைகளில் பல அங்கேதான் இருந்தன. தண்ணீர் புகுந்தது, உற்பத்தி நின்றது. சில வாரங்களில் ஹார்ட் டிஸ்க் விலை எகிறியது. எஸ்.எஸ்.டி. பக்கம் திரும்பிப் பார்க்காதவர்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

ஆகவே சரித்திரம் சொல்லும் முதல் பதில்: கையில் இருக்கும் பணத்தில் முதல் செலவு எஸ்.எஸ்.டி.க்கு.

எந்த எஸ்.எஸ்.டி.? அங்கேதான் கடைக்காரர் உங்களைக் குழப்புவார். புதிய என்.வி.எம்.இ. வகை விநாடிக்கு ஆயிரக்கணக்கில் எம்.பி. படிக்கும் என்பார். உண்மைதான். ஆனால் அந்த முறை வகுக்கப்பட்டதே 2011-ல். உங்கள் மதர்போர்டு அதைக் கேள்விப்பட்டிருக்காது. தனி அட்டை வாங்கி ஸ்லாட்டில் செருகலாம், கூடுதல் இடமாக வேலை செய்யும். ஆனால் பெரும்பாலான பழைய போர்டுகளில் அதிலிருந்து விண்டோஸ் கிளம்பாது. சாதாரண சாட்டா எஸ்.எஸ்.டி. போதும். போர்டில் வேகமான சாட்டா வாயில் எது என்று பார்த்து அதில் மாட்டுங்கள். 2012 வாக்கிலான வொர்க்ஸ்டேஷன் பலவற்றில் இரண்டு வாயில்தான் வேகமானது, மற்றவை பாதி வேகம். பாதி வேக வாயிலில் மாட்டினாலும் குடி முழுகாது. உங்களைக் காக்க வைத்தது படிக்கிற வேகம் இல்லை, தேடுகிற நேரம். அது இரண்டிலுமே போய்விடும்.

பழைய ஹார்ட் டிஸ்க்கைத் தூக்கிப்போட வேண்டாம். கல்யாண வீடியோ, போட்டோ, பாட்டு எல்லாம் அதிலேயே இருக்கட்டும். அவற்றுக்கு அவசரமில்லை. ஆனால் அதற்கும் வயசு பத்துக்கு மேல். முக்கியமானவற்றை வெளியே இன்னொரு பிரதி எடுத்துவிடுங்கள். கறகற சத்தம் டக் டக் என்று மாறிய பிறகு எடுக்க முடியாது.

*

இப்போது பையனின் கேள்விக்கு வருவோம். கிராபிக்ஸ் கார்டு.

1982. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜிம் கிளார்க், தன் மாணவர்களோடு வெளியே வந்து ஒரு கம்பெனி தொடங்கினார். சிலிக்கான் கிராபிக்ஸ். முப்பரிமாண உருவங்களைச் சுழற்றவும் நகர்த்தவும் ஆகும் கணக்குகளை மட்டும் போட ஒரு தனிச் சில்லு. அதுதான் அவர்கள் மூலதனம். அந்தச் சில்லை வைத்து வொர்க்ஸ்டேஷன் செய்தார்கள். விலை பல ஆயிரம் டாலர்கள். கார் கம்பெனிகள் வாங்கின, ஹாலிவுட் வாங்கியது. 1993-ல் வந்த 'ஜுராசிக் பார்க்' டைனோசர்கள் அந்த மெஷின்களில்தான் நடை பழகின. படத்துக்குள்ளேயே ஒரு சிறுமி கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து கதவைப் பூட்டுவாளே, அதுவும் அவர்கள் மெஷின்தான்.

அசைக்க முடியாத சாம்ராஜ்யம். அசைத்தவர்கள் அதே கம்பெனியில் வேலை பார்த்தவர்கள்.

1994-ல் மூன்று பேர் முன்னின்று 3டி.எஃப்.எக்ஸ். என்ற கம்பெனியைத் தொடங்கினார்கள். 1996-ல் மெமரி சில்லு விலை மடமடவென்று சரிந்தது. பல்லாயிரம் டாலர் வித்தையைச் சில நூறு டாலர் கார்டுக்குள் அடைத்து, வூடு என்று பெயர் வைத்து விற்றார்கள். அதற்கு ஏற்கெனவே இருக்கும் கிராபிக்ஸ் கார்டும் கூடவே வேண்டும், இரண்டையும் வெளியே ஒரு கேபிளால் இணைக்க வேண்டும். அதெல்லாம் யாருக்குக் கவலை? கேம் பைத்தியங்கள் அள்ளிக்கொண்டு போனார்கள்.

இதற்கிடையில் 1993-ல், அதே சான் ஹோசேயில், டென்னிஸ் என்ற ஹோட்டலின் மூலையில் உட்கார்ந்து மூன்று நண்பர்கள் இன்னொரு கம்பெனிக்குத் திட்டம் போட்டிருந்தார்கள். ஜென்சன் ஹுவாங், கிறிஸ் மலகோவ்ஸ்கி, கர்ட்டிஸ் ப்ரீம். கம்பெனியின் பெயர் என்விடியா. 1995-ல் வந்த அவர்களின் முதல் சில்லு படுதோல்வி. உலகம் முழுக்க முக்கோணங்களை ஒட்டி உருவம் வரைந்துகொண்டிருக்க, இவர்கள் வளைந்த பரப்புகளை வைத்து வரைந்தார்கள். மைக்ரோசாஃப்ட் முக்கோணத்தின் பக்கம் சாய்ந்தது. போச்சு! ஊழியர்களில் பாதிக்கு மேல் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஜப்பானின் செகா கம்பெனி கொடுத்த 50 லட்சம் டாலர்தான் மூச்சைப் பிடித்து வைத்தது. 1997-ல் முக்கோணத்துக்கே மாறி ரிவா 128 கார்டைக் கொண்டுவந்து கரை ஏறினார்கள். 1999-ல் ஜிஃபோர்ஸ் 256. ஜி.பி.யு. என்ற சொல்லை அதை வைத்துத்தான் ஊரெல்லாம் பரப்பினார்கள்.

முன்னால் ஓடிய 3டி.எஃப்.எக்ஸ்.? சில்லை மட்டும் செய்து விற்றவர்கள், கார்டு செய்யும் கம்பெனி ஒன்றை விலைக்கு வாங்கி, கார்டையும் நாங்களே செய்வோம் என்றார்கள். அதுவரை அவர்கள் சில்லை வாங்கிக்கொண்டிருந்த கார்டு கம்பெனிகள் அத்தனையும் என்விடியா வாசலில் போய் நின்றன. 2000 டிசம்பரில் 3டி.எஃப்.எக்ஸ். தன் சொத்துகளை என்விடியாவுக்கே விற்க ஒப்புக்கொண்டது. 2006-ல் சிலிக்கான் கிராபிக்ஸும் திவால்.

இந்தச் சண்டையில் உங்களுக்கு மூன்று பாடம் இருக்கிறது.

ஒன்று, மின்சாரம். 2000-ல் 3டி.எஃப்.எக்ஸ். விட்ட வூடு 5 கார்டு, ஸ்லாட்டில் வரும் கரண்ட் போதாமல் எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து தனியாக ஒயர் கேட்டது. அன்று ஆரம்பித்த பசி இன்றுவரை அடங்கவில்லை. இன்றைய பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் ஸ்லாட் கொடுப்பது அதிகபட்சம் 75 வாட். அதற்கு மேல் கேட்கும் கார்டுக்கு ஆறு முனை, எட்டு முனை ஒயர் வேண்டும். பெரிய கம்பெனி வொர்க்ஸ்டேஷன்களில் எஸ்.எம்.பி.எஸ். அவர்கள் சொந்த வடிவத்தில் இருக்கும். கடையில் கிடைப்பது பொருந்தாது. ஆகவே கேபினட்டைத் திறந்து, எஸ்.எம்.பி.எஸ். மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் படியுங்கள். உபரி ஒயர் இல்லையென்றால், 75 வாட்டுக்குள் அடங்கும் கார்டு மட்டும்தான் உங்கள் பட்டியல். 2019-ன் ஜி.டி.எக்ஸ். 1650-ல் ஒயர் கேட்காத மாடல்கள் உண்டு. 2024-ல் வந்த ஆர்.டி.எக்ஸ். 3050-ன் 6 ஜி.பி. வகை 70 வாட்தான்.

இரண்டு, ஸ்லாட். புதிய கார்டு பழைய ஸ்லாட்டில் வேலை செய்யும், ஆனால் பழைய ஸ்லாட்டின் வேகத்தில். 2022-ல் வந்த ரேடியான் ஆர்.எக்ஸ். 6400 கரண்டை மிச்சம் பிடிக்கும். ஆனால் அதற்குப் பாதைகள் நாலே நாலு. புதிய போர்டில் குறையே தெரியாது. உங்கள் பழைய போர்டில் அந்த நாலு பாதையும் மாட்டுவண்டிப் பாதையாகிவிடும். இன்டெலின் ஆர்க் கார்டுகளோ பழைய போர்டில் இல்லாத ஒரு வசதியை எதிர்பார்க்கின்றன. விலையைப் பார்த்து மயங்காதீர்கள்.

மூன்று, பெயர். என்விடியா 'குவாட்ரோ' என்று வொர்க்ஸ்டேஷனுக்குத் தனியாகக் கார்டு விற்றது. முதல் குவாட்ரோவில் இருந்தது ஜிஃபோர்ஸ் 256-ன் சில்லேதான். வித்தியாசம் பெரும்பாலும் டிரைவரில், பெரிய டிசைன் சாஃப்ட்வேர் கம்பெனிகள் சோதித்துக் கொடுக்கும் சான்றில். பொறியியல் டிசைன் உங்கள் தொழில் என்றால் அந்தச் சான்று காசுக்கு உகந்தது. வீடியோ எடிட்டிங்குக்கும் கேமுக்கும் அந்தப் பெயருக்காகக் காசு கொடுக்க வேண்டியதில்லை.

*

கிராபிக்ஸ் கார்டு மாற்றி உலகத்தையே மாற்றியவர் கதை ஒன்று உண்டு.

2012. கனடாவின் டொரன்டோ பல்கலைக்கழக மாணவர் அலெக்ஸ் கிரிஷெவ்ஸ்கி, படத்தைப் பார்த்து அது பூனையா, நாயா என்று சொல்லும் ஒரு புரோகிராமை எழுதினார். கூட்டாளி இல்யா சுட்ஸ்கேவர், வழிகாட்டி ஜெஃப்ரி ஹின்டன். இதற்கு அவர் சூப்பர் கம்ப்யூட்டர் தேடவில்லை. கேம் ஆடுகிறவர்கள் வாங்கும் ஜி.டி.எக்ஸ். 580 கார்டு இரண்டை வைத்துப் பெற்றோர் வீட்டிலிருந்த தன் கம்ப்யூட்டரில் ஓட்டினார். உலகப் போட்டியில் மற்றவர்களைப் பெரிய வித்தியாசத்தில் தோற்கடித்தது. இன்று ஏ.ஐ., ஏ.ஐ. என்று உலகம் பறக்கிறதே, அந்த ஓட்டத்தின் துப்பாக்கிச் சத்தம் அது. ஹோட்டல் மூலையில் பிறந்த என்விடியாவை உலகின் மிகப்பெரிய கம்பெனிகளில் ஒன்றாக்கியதும் அதுதான்.

ஏன் இரண்டு கார்டு? ஒரு கார்டில் மெமரி மூன்று ஜி.பி.தான். புரோகிராம் உள்ளே அடங்கவில்லை. பாதி இங்கே, பாதி அங்கே என்று பிரித்துப் போட்டார். கார்டு வாங்கும்போது வேகத்தை மட்டும் பார்த்து மெமரியை மறப்பவர்கள் இதை நினைவில் வையுங்கள். வேகம் குறைந்தால் வேலை மெதுவாக நடக்கும். மெமரி போதாவிட்டால் வேலையே நடக்காது. நாலு ஜி.பி.க்குக் கீழே இன்று வாங்காதீர்கள், ஆறு இருந்தால் நல்லது.

செகண்ட் ஹேண்டில் வாங்குவதானால் இன்னொன்றும் பாருங்கள். ஜி.டி.எக்ஸ். 1050 டிஐ போன்ற 2016-ம் வருடத்துக் கார்டுகளுக்கு 2025 அக்டோபரோடு புதிய டிரைவரை நிறுத்திவிட்டது என்விடியா. பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் 2028 வரை வரும். விண்டோஸ் 10-க்கும் அதே 2025 அக்டோபரில்தான் மைக்ரோசாஃப்ட் வழக்கமான ஆதரவை நிறுத்தியது. உங்கள் வொர்க்ஸ்டேஷனுக்கு முறைப்படி விண்டோஸ் 11 கிடைக்காது. லினக்ஸ் போடலாம், நன்றாகவே ஓடும். இல்லையென்றால், இந்தப் பெட்டிக்கு இன்னும் எத்தனை வருடம் என்று ஒரு கணக்குப் போட்டுவிட்டு, அடுத்த பெட்டிக்கும் கழற்றி மாட்டக்கூடிய பொருளாக வாங்குங்கள். சாட்டா எஸ்.எஸ்.டி.யும் ஒயர் கேட்காத கார்டும் அப்படிப்பட்டவைதான்.

ஆக, வரிசை இதுதான். முதலில் எஸ்.எஸ்.டி. அதை மாட்டி ஒரு மாதம் ஓட்டிப் பாருங்கள். பையனின் முனகல் அப்போதும் தொடர்ந்தால், எஸ்.எம்.பி.எஸ். ஸ்டிக்கரைப் படித்துவிட்டுக் கார்டு வாங்கப் போங்கள். பல வீடுகளில் இரண்டாவது செலவுக்கு அவசரமே வராது.

கலிஃபோர்னியாவில் மவுன்டன் வியூ என்று ஓர் ஊர். சிலிக்கான் கிராபிக்ஸ் கொடிகட்டிப் பறந்த இடம். அவர்களின் பழைய கட்டடம் ஒன்றில் இப்போது கம்ப்யூட்டர் சரித்திர அருங்காட்சியகம் இருக்கிறது. உள்ளே ஒரு பழைய ராமாக் டிஸ்க் யூனிட்டைப் பழுது பார்த்து வைத்திருக்கிறார்கள். அந்தக் கை இன்னும் மேலும் கீழும் போய் வருகிறது. பல பத்தாண்டுகளுக்கு முன் எழுதிய தகவல்களை இன்றும் படிக்கிறது.

அங்கே அதைப் பார்க்க ஆளுக்கு ஆள் ஆசையாகக் காத்து நிற்கிறார்கள். உங்கள் வீட்டில் அந்தக் கைக்காகக் காத்திருக்க வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை.